துப்பரவாக்காத அரை ஏக்கர்

மண் வழிக்கிற பெக்கோ இயந்திரத்தோடு வந்த தம்பி காணியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கிணற்றடியில் நின்றார். "அண்ணை, பின்பக்கத்துப் பத்தையை அரை நாளில வழிச்சுத் தாறன். வேரோட கிளப்பிவிட்டால் பிறகு கரைச்சல் இல்லை" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் பத்தையைப் பார்த்தேன். சூரை முள்ளும் ஈச்சையும் உலுவிந்தையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் அரை ஏக்கர். நடுவில் ஒரு பாலை, ஓரத்தில் ஒரு வீரை. "அது கிடக்கட்டும் தம்பி, முன்பக்கத்தை மட்டும் செய்யுங்கோ" என்றேன்.

அது 2017. அந்த அரை ஏக்கர் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஏன் விட்டு வைத்திருக்கிறாய் என்று ஊரில் கேட்காதவர்கள் குறைவு. படலையடியில் நின்று சொல்லும் பதில் யாருக்கும் போதவில்லை. எனக்கும் போதவில்லை. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

எங்கள் காணி முல்லைத்தீவில், முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலுக்குக் கிட்ட. எல்லாமாக மூன்று ஏக்கர். முன்னுக்கு வீடு, கிணறு, தென்னை, கச்சான், அதாவது நிலக்கடலை, போடும் மேட்டு நிலம். வாய்க்கால் பக்கம் வயல். பின்னுக்குக் காடு தொடங்கும் இடத்தில் இந்தப் பத்தை. 2008 கடைசியில், யுத்தம் கிட்ட வந்தபோது, இதை விட்டு வெளிக்கிட்டோம். திரும்பி வந்தது 2011 இல். அப்பா எங்களோடு திரும்பி வரவில்லை.

வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகூட இல்லை. குசினிச் சுவர் மட்டும் நெஞ்சளவில் நின்றது. அதன் பொந்தொன்றில் மைனா குஞ்சு பொரித்திருந்தது. சுவரை இடித்துக் கல்லை எடுக்கலாம் என்று நான் சொன்னபோது அம்மா விடவில்லை. குஞ்சுகள் பறக்கும்வரை தறப்பாளுக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைத்தார். அம்மாவுக்குப் பறவைகளில் பெரிய ஈடுபாடு என்று சொல்ல மாட்டேன். குஞ்சு இருக்கும் கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பத்தை என்றால் எங்கள் ஆட்களுக்கு ஏன் பயம் என்பதை வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாம்புப் பயம் எங்கும் உள்ளதுதான். இங்கே அதற்கு மேலே இரண்டு இருக்கின்றன. ஒன்று வெடி. நாங்கள் வந்த காலத்தில் றோட்டோரமெல்லாம் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி எடுப்பவர்கள் முழந்தாளில் இருந்து அடியடியாகத் தேடிப் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகும், எங்கள் பின்காணிக்குள் கால் வைக்க எனக்கு ஒரு வருசம் எடுத்தது. மற்றது, பத்தை வளர்ந்த காணி சொந்தக்காரன் இல்லாத காணி போலத் தெரியும். ஆட்கள் இல்லாத காலத்தில் மரம் முளைத்துவிட்டதால் இது காடு என்று சொல்லி எல்லைக்கல் போட்ட கதைகள் வன்னியில் எத்தனையோ. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காணி உறுதிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஆறு வருசம் அலைந்தது. அப்படிப் பார்த்தவர்கள் ஒரு முள்ளையும் வளர விடாமல் வழித்துத் துடைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். துப்பரவான காணி என்பது இங்கே அழகுக்காகச் செய்வதில்லை. 'இது என்னுடையது, நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும் வழி அது.

எனக்கு அதை வேறு விதமாகச் சொல்லக் கற்றுத் தந்தது கமரா.

2016 இல் அக்கா கனடாவில் இருந்து வந்தபோது தான் பாவித்த கமரா ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். லென்ஸ் கழற்ற முடியாத வகை. ஆனால் 2000 மில்லிமீற்றருக்குச் சமமான தூரம் வரை இழுக்கும். கோயில் திருவிழாவுக்குப் படம் எடுக்கத்தான் தந்தார். அது வந்த இரண்டாம் நாள், விறாந்தையில் இருந்தபடி தலையில்லாத பனையைப் பார்த்து இழுத்தேன்.

அந்தப் பனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் செல் விழுந்து தலை பறந்த பனைகள் எங்கள் காணியில் ஐந்து. வடக்கில் எல்லா இடமும் இப்படி நின்றன. பார்க்கவே மனம் கெடுகிறது, தறித்துவிடு என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். தலை போன பனை உள்ளே உக்கத் தொடங்கும். உக்கினால் பொந்து விழும். அன்றைக்கு நான் கமராவுக்குள் பார்த்தது ஒரு பனையின் உச்சியில் இருந்த பொந்தையும் அதன் வாயில் நின்ற பனங்காடையையும். இருக்கும்போது மண்நிறமாய்த் தெரிகிற குருவி அது. கரண்ட் கம்பியில் அது இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிறகை விரித்ததும் நீலம் இரண்டு விதமாக, ஒன்று கடல் மாதிரி, மற்றது வெளிறிய வானம் மாதிரி, பட்டை பட்டையாக வரும். சொண்டில் ஒரு வெட்டுக்கிளியோடு அது பொந்துக்குள் தலையை விட்டது. நாற்பது வயது வரைக்கும் என்ர காணியில் இருந்த ஒன்றை நான் கண்டதே இல்லை.

அடுத்த பனையில் கிளி. அதற்கடுத்ததில் மைனா. ஐந்து பனையில் இப்போது இரண்டுதான் மிச்சம், மற்றவை காற்றுக்கு விழுந்துவிட்டன. நானாக ஒன்றையும் தறிக்கவில்லை.

அப்பாவுக்குக் குருவிகளைத் தெரியும். பிடித்துத் தின்பதற்காகத் தெரியும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம், மண்ணெண்ணெயும் சவுக்காரமும் கண்ணில் காணக் கிடையாது. மச்சம் என்றால் குளத்து மீன், இல்லாவிட்டால் கண்ணி. காட்டுக்கோழி எந்தப் புல்லடியால் போகும், காடை எந்த நேரத்தில் வயல் வரம்புக்கு வரும் என்று அப்பா சொன்னால் சொன்னதுதான். கண்ணி வைத்துவிட்டு அசையாமல் குந்தியிருப்பார். நுளம்பு கடித்தாலும் கை உயராது. பக்கத்தில் இருந்த எனக்கு மூச்சு விடவே பயமாக இருக்கும். இன்றைக்கு மறைப்புக்குள் இரண்டு மணித்தியாலம் அசையாமல் என்னால் இருக்க முடிகிறதென்றால் அது அவரிடம் படித்ததுதான். காட்டுப் பறவையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். காட்டுக்கோழி இந்த நாட்டின் தேசியப் பறவை. இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அன்றைக்கு எங்களுக்கு அது பசி. இரண்டையும் தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

இனி அந்தப் பத்தைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

ஐப்பசி தொடங்கி வாடை திரும்பும் நாட்களில், பொழுது படும் நேரம் பத்தைக்குள் இருந்து இரண்டு சீழ்க்கை கேட்கும். முதலாவது மேலே ஏறும், இரண்டாவது கீழே இறங்கும். விட்டு விட்டுக் கேட்கும். இருட்டினால் நின்றுவிடும். விடியவும் அதே போல. ஆறுமணிக் குருவி. மணிக்கூடு இல்லாத காலத்தில் வைத்த பெயர் என்று நினைத்தால் பெயரிலேயே மணி இருக்கிறது! பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகக் காது கொடுத்திருக்கிறார்.

இதன் சொந்த ஊர் இங்கே இல்லை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வரும்போது தெற்கே இறங்குகிறது. தென்னிந்தியாவில் கொஞ்சம் தங்கிவிடும், மிச்சம் பாக்கு நீரிணையைத் தாண்டி இங்கே வரும். மத்திய ஆசியாவில் இருந்து தெற்கே இறங்கும் பறவைப் பாதையின் தெற்குத் தொங்கல்களில் ஒன்று இலங்கை. இதற்கப்பால் கடல்தான். நீளமாய்ப் பறப்பதற்குச் செய்த உடம்பு போலவும் தெரியாது. மைனாவைவிடச் சிறியது, வால் கட்டை, கால் நீளம், உருண்டைக் குருவி. நாள் முழுக்க நிலத்தில் நடந்து சருகைக் கிளறிப் புழு தேடும்.

சத்தத்தை மூன்று வருசம் கேட்டேன். படம் ஒன்றும் இல்லை. பத்தைக்குள் போனால் அது இன்னும் உள்ளே போகும். கடைசியில் பின்னால் போவதை விட்டேன். மாசி, பங்குனியில் மழை நின்று நிலம் காயும். அந்த நேரத்தில் பாலை மரத்தடியில் ஒரு அகன்ற மண்சட்டியைக் கழுத்துவரை புதைத்து, கல் போட்டுத் தண்ணீர் விட்டேன். ஆழம் இரண்டு விரல்தான், அதற்கு மேல் வேண்டாம். மேலே கொப்பில் ஐந்து லீற்றர் கானைக் கட்டி, அடியில் ஊசியால் ஒரு துளை. சொட்டுச் சொட்டாக விழும். கிடக்கிற தண்ணீரைவிடச் சொட்டும் தண்ணீர் குருவிகளை இழுக்கும், சத்தம் போய்ச் சேர்கிறது போல. நாலு தடி, எட்டுக் கிடுகு, அதுதான் மறைப்பு. சட்டியில் இருந்து ஏழு மீற்றர் தள்ளி. முழுக்க இழுத்த நிலையில் ஐந்து மீற்றருக்குள் வந்த எதையும் இந்தக் கமரா தெளிவாகப் பிடிக்காது என்பதால் அந்தக் கணக்கு. கமராவுக்குக் கீழே, பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து உமி அடைத்த தலையணை.

மூன்று கிழமை சட்டிக்கு வந்தவற்றை எழுதினால் பக்கம் காணாது. முதலில் வருவது எப்போதும் புலுனிக் கூட்டம், ஏழெட்டாகச் சண்டை பிடித்துக்கொண்டு. பிறகு கொண்டைக்குருவி. மாம்பழக் குருவி குளிக்காது, மேலேயிருந்து தலைகீழாய் வந்து தொட்டுவிட்டுப் போகும். மணிப்புறா தலையைக் குனிந்து உறிஞ்சும், மற்றவை போல நிமிர்ந்து விழுங்காது. வெள்ளைவால் பறவை ஒருநாள் வந்தது, இரண்டு முழ ரிபன் கட்டிய மாதிரி. அரசவால் ஈபிடிப்பான் என்று புத்தகத்தில் பெயர். எங்கள் நாட்டிலேயே இருக்கும் இனத்தில் சேவல் எப்போதும் செங்கபில நிறம். வெள்ளையாகத் தெரிந்தால் அது இந்தியாவில் இருந்து வந்த விருந்தாளி. சிங்களத்தில் வெள்ளையைச் 'சுது ரெதி ஹொரா' என்பார்கள், வெள்ளைத்துணிக் கள்ளன். வெளியே காயப்போட்ட வேட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரித்தான் அது பறக்கும். பெயர் வைப்பதில் அவர்களும் குறைந்தவர்கள் இல்லை.

பங்குனி 9. மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மற்றக் குருவிகள் எல்லாம் போய்விட்டன. சட்டிக்குப் பின்னால் சருகு அசைந்தது. ஓணான் என்றுதான் நினைத்தேன். இரண்டு தத்து. நின்றது. ஒரு சருகைச் சொண்டால் தூக்கி எறிந்தது. மறுபடி இரண்டு தத்து. கல்லில் ஏறி, என்னைப் பார்க்கிற பக்கமாய்த் திரும்பி நின்றது.

முதுகு பச்சை, புது வாழையிலை நிறம். கண்ணுக்குக் குறுக்காகக் கறுப்புப் பட்டி, அதற்கு மேலே வெள்ளைக் கோடு. கழுத்து வெள்ளை. நெஞ்சு கொஞ்சம் பால் கூடிய தேத்தண்ணி. வயிற்றின் அடியில், வால் தொடங்கும் இடத்தில், குங்குமம் கொட்டிய மாதிரிச் சிவப்பு. தோளில் ஒரு நீலத் துண்டு, அது மட்டும் இருட்டிலும் மினுங்கியது. குனிந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தது. தலையை நிமிர்த்தி, முழு உடம்பும் பின்னுக்குச் சாய்ந்து கூப்பிட்டது. ஏழு மீற்றரில் அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. பத்தையின் மற்றத் தொங்கலில் இருந்து இன்னொன்று பதில் சொன்னது. என் அரை ஏக்கரில் இரண்டு இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

வெளிச்சம் அவ்வளவாக இல்லை. இந்த மாதிரிக் கமராவுக்கு இருட்டு ஆகாது, உள்ளே சென்சர் சிறிது. ஷட்டர் முப்பதில் ஒரு பங்கு விநாடி. அறுபத்திரண்டு படம் எடுத்தேன். இரண்டு சரி வந்தது. ஒன்றில் கண்ணுக்குள் வானம் ஒரு புள்ளியாய்த் தெரியும். அந்தப் படம் இப்போது வீட்டுச் சுவரில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில். அம்மாதான் அங்கே மாட்டச் சொன்னார். அடுத்த வருசம் ஐப்பசியில், பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தவர் கிணற்றடியில் இருந்தே கூப்பிட்டார்: "தம்பி, உன்ர ஆள் வந்திட்டுது."

படம் எடுக்கிற ஆசையில் நான் செய்த ஒரு பிழையையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

கமரா வந்த அடுத்த வருசம், தேசிக்காய் மரத்தில் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி வலையும் சருகும் பஞ்சும் சேர்த்து, குப்பை தொங்குவது போலத் தொங்கும் கூடு. யாரும் குப்பையென்று நினைக்கத்தான் அப்படிக் கட்டுகிறது. இரண்டு குஞ்சு. வாசலுக்கு நேரே ஒரு கொப்பு மறைத்தது. அதை வெட்டினேன். சின்னக் கொப்பு, நாலைந்து இலை. அன்றைக்கு நல்ல படம் வந்தது. தாய் வாசலில் தொங்கிக்கொண்டு ஊட்டுகிற படம். அடுத்த நாள் விடியச் செண்பகப் பறவை ஒன்று மரத்தில் இருந்து இறங்கிப் போனதைக் கண்டேன். கூடு கிழிந்து தொங்கியது. தாய்ச்சிட்டு சொண்டில் இரையோடு வந்து, கூடு இருந்த இடத்துக்கு முன்னால் காற்றில் நின்றது. போய், மறுபடி வந்து நின்றது. மத்தியானம் வரை அப்படி. செண்பகத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கும் குஞ்சு இருந்திருக்கும். கதவைத் திறந்து வைத்தது நான். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை, அழிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு கூட்டுக்குக் கிட்ட ஒரு இலையைக்கூடத் தொடுவதில்லை. கூடு இருக்கும் இடத்தை முகநூலில் போடுவதில்லை. போனில் சத்தம் போட்டுக் குருவியைக் கூப்பிடுவதும் இல்லை. எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று அது இரையை விட்டுவிட்டு அலையும். நாலு லைக்குக்காக அதன் ஒரு நேரச் சாப்பாட்டைக் கெடுக்க வேண்டுமா?

ஆட்காட்டிக் குருவியின் கதை நன்றாக முடிந்த கதை. அது கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் நிலத்தில் சின்னக் குழி, சுற்றி நாலைந்து கல், நடுவில் நாலு முட்டை, கூர்ப்பக்கம் எல்லாம் உள்ளுக்கு. முட்டையும் கல் நிறம். நாலு வருசத்துக்கு முந்தின சித்திரையில், சிறுபோகத்துக்கு உழவு இயந்திரம் வயலுக்குள் இறங்கியபோது ஒரு சோடி உழவுகாரரின் தலைக்கு மேலால் கத்திக்கொண்டு பறந்து பறந்து இறங்கியது. உழவுகாரர் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு, "அண்ணை, இங்க எங்கேயோ முட்டை கிடக்குது" என்றார். இருவரும் குனிந்து குனிந்து தேடியும் காணவில்லை. அரை மணித்தியாலம் வரம்பில் போய் இருந்தோம். தாய் நடந்து வந்து, நின்று, பார்த்து, மறுபடி நடந்து, கடைசியில் உட்கார்ந்தது. அந்த இடத்தைச் சுற்றித் தடி நட்டோம். மூன்று பாகம், அதாவது பதினெட்டடி, அகலத்துக்கு உழாமல் விட்டார் அவர். கூலியில் குறைக்கவும் இல்லை, கூட்டிக் கேட்கவும் இல்லை.

நாற்பது மீற்றர் தள்ளி வரம்பில் படுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு மாதம் பார்த்தேன். மத்தியான வெயிலில் வயலில் இருந்து கானல் கிளம்பும், அந்த நேரம் எந்தக் கமராவாலும் தெளிவாக எடுக்க முடியாது. ஆனால் மத்தியானத்தில்தான் அந்த வேலை நடந்தது. ஒன்று எழும்பி வாய்க்காலுக்குப் போய் நெஞ்சும் வயிறும் நனைய நிற்கும். ஈரத்தோடு வந்து முட்டையில் உட்காரும். வெயில் முட்டையை அவித்துவிடாமல் குளிர வைக்கிற வழி. மற்றது போகும், நனையும், வரும். குஞ்சு பொரித்த அன்றே நாலும் எழும்பி ஓடின. தாய் ஒரு குரல் கொடுத்தால் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடும். கமராவுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குஞ்சைத் தொலைத்திருக்கிறேன்.

எங்கள் வயதுக்காரருக்கு ஆட்காட்டியின் சத்தத்தில் வேறொன்றும் இருக்கிறது. இரவில் அது கத்தினால் யாரோ நடக்கிறார்கள். யார் என்று தெரியாது. விளக்கைத் தணித்துவிட்டுப் பாய்க்குள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த இரவுகள் எத்தனை. இப்போது இரவில் கத்தினால் அனேகமாக நரி, இல்லாவிட்டால் வாய்க்கால் தாண்டி வரும் யானை. இருந்தாலும் முதல் கத்தலில் நெஞ்சு ஒருதரம் அடித்துத்தான் ஓயும். ஒரு மாதம் முட்டையோடு பார்த்த பிறகு அந்தச் சத்தம் எனக்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது. இப்போது கேட்டால் குஞ்சுகள் கல்லாய் நிற்பதுதான் முதலில் கண்ணுக்கு வருகிறது.

குருவிகள் எல்லாம் நன்மை செய்கின்றன என்று எழுத என்னால் முடியாது. மயில் கச்சான் பாத்தியைக் கிளறிப்போடும். கிளி சோளத்தை உரித்துத் தின்னும். முளைக்கிற பத்து நாளும் விடியக் காவல் இருந்தே ஆக வேண்டும். அது உழைப்புத்தான், நட்டமும்தான். ஆனால் காலபோக நெல்லில் பூச்சி கண்டால் கரிக்குருவி இருப்பதற்கு வயலுக்குள் தடி நட்டுவிடுவேன். உழும்போது கொக்கு இயந்திரத்துக்குப் பின்னால் ஐம்பது அறுபதாய் வரும். கொக்காவில், கொக்குளாய், கொக்குத்தொடுவாய் என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கொக்குளாய்க் கடனீரேரி 1951 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. சுண்டிக்குளம் 1938 இலேயே சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்கா. வாடைக் காலத்தில் பூநாரை பார்க்க அங்கே போகிறவர்கள் வழியில் எங்கள் மாதிரி எத்தனையோ பத்தைகளைத் தாண்டித்தான் போகிறார்கள். கடனீரேரிக்கு வரும் பறவை வேறு, பத்தைக்கு வருவது வேறு. ஆறுமணிக் குருவிக்கு எவ்வளவு பெரிய குளமும் உதவாது. அதற்கு நிழலும் சருகும் வேண்டும். சருகுக்குப் பத்தை வேண்டும்.

இதுவரை என் கொப்பியில் 104 வகை எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை, இப்போது ஆண்டு 9, தன் அம்மம்மாவிடம் கேட்டு ஊர்ப் பெயர்களை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறாள். புத்தகப் பெயர் மற்றப் பக்கம். நத்து, பக்கிள், உள்ளான் என்று ஊர்ப் பெயர்ப் பக்கம்தான் வேகமாக நிரம்புகிறது.

காணியைப் பற்றிய பயத்துக்கு நான் செய்தது இவ்வளவுதான். பத்தையைச் சுற்றி நாலு பக்கமும் ஆறடி அகலத்துக்கு மட்டும் வெட்டி நடைபாதையாக வைத்திருக்கிறேன். வெளியே கிளுவை வேலி, முட்கம்பி, வருசா வருசம் தவறாமல் அடைப்பு. யார் வந்து பார்த்தாலும் இது கவனிப்பாரில்லாத இடம் இல்லை என்று தெரியும். பாம்புக்கும் அந்த ஆறடி நல்லது, கண்ணுக்குத் தெரியும். வேலியில் பெரிதாய் 'தனியார் காணி' என்று பலகையும் இருக்கிறது. வேலி, உறுதி, வரி கட்டிய துண்டு மூன்றும் ஒழுங்காக இருந்தால், உள்ளே சூரை முள் நிற்பதில் பிழையில்லை என்பது என் எண்ணம். செய்ய விரும்புகிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

போன கிழமை பின்வேலிக்கு அந்தப் பக்கம் பெக்கோ சத்தம் கேட்டது. சின்னையாவின் காணி. தென்னை வைக்கப் போகிறார். அவர் பத்தையும் எங்கள் பத்தையும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு இருப்பவை. கமராவை வைத்துவிட்டு ஓடிப்போனேன்.

"சின்னையா, எங்கட வேலிப் பக்கம் ஒரு பத்தடி விடுவியளோ?"

"பத்தடி விட்டால் ஒரு நிரை தென்னை போகுதடா தம்பி."

அது உண்மை. தென்னை ஒரு நிரை என்றால் அவருக்குக் காசு. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. போனைத் திறந்து ஆறுமணிக் குருவியைக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"இதை உன்ர கொப்பர் ஒருக்காக் கையில வச்சுக் காட்டினவர். நல்ல மழை. விடியத் திண்ணையில விழுந்து கிடந்தது. களைச்சுப் போச்செண்டு சாக்கால மூடி வச்சவர். பின்னேரம் பறந்திட்டுது."

அப்பா ஒரு குருவியைப் பிடித்துக் கையில் வைத்துவிட்டுத் திரும்பப் பறக்கவிட்ட கதை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, பிறகு கேட்டேன்.

சின்னையா போனைத் தந்துவிட்டு, பெக்கோவில் கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்தார். வீரையில் ஒரு முனையைக் கட்டி, வேலியோடு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மற்ற முனையை நாவலில் கட்டினார். "ஆறடி. அதுக்கு மேல கேக்காதை" என்றார். பிறகு பெக்கோக்காரப் பெடியனைப் பார்த்துக் கையைக் காட்டினார். வாளி கயிற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பியது.